ரோஸ் ஹில் திரையிடல்: ஒரே மாலையில் இரண்டு நுவார் படங்கள்

மொரீசியசின் ரோஸ் ஹில்லில் ஒரு சிறிய அரங்கத்தார் மாதந்தோறும் நடத்திவரும் பழைய படத் திரையிடலில், இம்முறை பில்லி வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944), ஜாக் பெக்கரின் ‘துஷே பா ஓ கிரிஸ்பி’ (1954) ஆகிய இரண்டு நுவார் படங்களை, அதாவது குற்றமும் இருண்ட மனநிலையும் கலந்த கறுப்பு வெள்ளைப் படங்களை, அடுத்தடுத்துக் காட்டினார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் காதுக்குப் பழகிய நம் தீவினருக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு அமையாது.

வைல்டரின் அமெரிக்கப் படத்தில் வரும் காப்பீட்டு முகவன், ஒரு பெண்ணின் மீதும் பணத்தின் மீதும் கொண்ட ஆசையால் அவள் கணவனைக் கொல்கிறான். தொடக்கத்திலேயே அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேசத் தொடங்கிவிடுவதால், எப்படிச் சிக்கினான் என்பதே நம்மை இறுதிவரை இழுத்துச் செல்கிறது. குற்றவாளி தப்பக் கூடாது என்று அன்றைய தணிக்கை விதி வற்புறுத்தியது. வைல்டர் அந்தக் கட்டாயத்தையே கதையின் ஊழாக மாற்றியிருக்கிறார்.

என் மனம் தங்கிவிட்டது பெக்கரின் படத்தில்தான். ழான் காபேன் நடித்த மாக்ஸ், தொழிலை விட்டுவிட நினைக்கும் வயதான கொள்ளைக்காரன். கடைசியாகக் கைக்கு வந்த தங்கக் கட்டிகளைப் பற்றி அவன் நண்பன் ரித்தோன் காதலியிடம் உளறிவிடுகிறான். ஆபத்து நெருங்கும் அந்த இரவில், மாக்ஸ் நண்பனைத் தன் மறைவிடத்துக்கு அழைத்துச் சென்று, வறட்டு ரொட்டியில் இறைச்சி விழுதைத் தடவிக் கொடுத்து, வெள்ளை ஒயின் ஊற்றுகிறான். பிறகு இரவு உடையும் பல் துலக்கியும் எடுத்துத் தருகிறான். இருவரும் பல் துலக்கிவிட்டுப் படுக்கப் போகிறார்கள். கதையை நகர்த்தாத இந்தச் சில நிமிடங்களைப் பெக்கர் வெட்டாமல் விட்டதால்தான், பின்னர் நண்பனுக்காகத் தங்கத்தையே கொடுக்க மாக்ஸ் முன்வரும்போது நமக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. வைல்டரின் படத்தில் மனிதனை வீழ்த்துவது ஆசை. இங்கே அவனைச் சோதிப்பவை முதுமையும் நட்பும். கம்யூனிசத் தொடர்பின் பேரில் அமெரிக்கத் திரையுலகம் வேலை மறுத்தோரின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு ஐரோப்பாவுக்கு வந்த இயக்குநர் ஜூல்ஸ் டாசின், பாரிசில் எடுத்த ‘ரிஃபிஃபி’ (1955) படத்தில் ஏறத்தாழ அரை மணி நேரக் கொள்ளையை வசனமோ இசையோ இன்றிக் காட்டியதும் இதே பொறுமையால்தான் என்று கருதுகிறேன்.

அரங்கத்தைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பக்கவாட்டுச் சன்னல்களின் மெல்லிய திரைச்சீலை வழியே தெருவிளக்கின் ஒளி கசிந்ததால், திரையில் கறுப்பு சாம்பல் நிறமாயிற்று. வெளிச்சம் பரவிய அறைகளில் நடக்கும் பெக்கரின் படம் இதைத் தாங்கிக்கொண்டது. சன்னல் பட்டைகளின் நிழலை நம்பி நிற்கும் வைல்டரின் படமோ பாதி வலிமையை இழந்தது. அதன் பிரெஞ்சுத் துணையுரையும் விரைவான வசனத்துக்குப் பின்தங்கியே வந்தது. ஒலி மட்டும் இரண்டிலும் தெளிவாக இருந்தது.

அடுத்த மாதம் ‘ரிஃபிஃபி’யைத் திரையிடப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். தயங்காமல் செல்லுங்கள், சன்னல்களை விட்டு விலகி நடு வரிசையில் இடம் பிடியுங்கள். அதற்குள் அரங்கத்தார் கனத்த திரைச்சீலைகளை மாட்டிவிட வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.