ஏற்றத்தில் போவதா, வற்றத்தில் போவதா?

கடற்கரை, மணல்மேடு, பறவைகள் மூன்றும் சேர்ந்த இயற்கைப் பூங்காவுக்குக் கிளம்பும்போது பலரும் வானிலையைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது ஓத அட்டவணையை: கடல்நீர் கரைப்பக்கம் உயரும் ஏற்றம் எப்போது, வடியும் வற்றம் எப்போது என்று சொல்லும் பட்டியல் அது. மழை வந்தால் குடை பிடிக்கலாம். கடல் எங்கோ உள்வாங்கிக் கிடக்கும்போது போய் நின்றால், பறவைகள் வெறும் புள்ளிகள்தான்.

ஆனால் வற்றத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நீர் வடிந்த சேறுதான் கரைப்பறவைகளுக்குச் சாப்பாட்டு மேடை. கோட்டான் (ஆந்தை அல்ல, அதே பெயருள்ள கரைப்பறவை) தன் நீண்டு வளைந்த அலகை அடிவரை சேற்றில் இறக்கிப் புழு தேடும். உப்புக்கொத்திக்கு அலகு குட்டை, கண்ணை நம்பித்தான் பிழைப்பு: நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். கல்திருப்பி உள்ளான் பெயருக்கேற்றபடி கல்லையும் பாசியையும் புரட்டிக்கொண்டிருக்கும். ஒரே சேற்றில் இத்தனை பேருக்கும் எப்படிப் பந்தி கிடைக்கிறது என்பது அப்போதுதான் புரியும். சிப்பி பொறுக்க, குழந்தைகளை ஓடவிட, கெட்டியான ஈர மணலில் நடக்கவும் வற்றமே வசதி. ஒரே குறை, பறவைகள் பரந்து கிடக்கும். கிட்டே போனால் பறந்துவிடும்.

ஏற்றத்தில் கதையே வேறு. நாம் நடக்க வேண்டாம், கடலே அவற்றை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துவிட வேண்டும். சேறு சுருங்கச் சுருங்க, கூட்டங்கள் ஒவ்வொன்றாக மேட்டு மணல்திட்டில் வந்து இறங்கும். ஒருமுறை எதிரே கிடந்தவற்றைக் கூழாங்கற்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கல் கால் மாற்றி நின்றது! அத்தனையும் காற்றுக்கு எதிர்முகமாக, ஒற்றைக்காலில் தூங்கும் உள்ளான்கள். இந்தத் தூக்கத்தைக் கலைத்துவிடக் கூடாது. வலசை வந்தவை சேர்த்து வைத்த கொழுப்பு வீணாகப் பறப்பதிலேயே கரைந்துவிடும்.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் என் ஓட்டு ஏற்றத்துக்கே. பெரும்பாலான கரைகளில் ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே நேற்றைய நேரத்தை நம்பிப் போகாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். ஏற்றவற்றம் ஒரு முழம்கூட இல்லாத கரைகளும் உண்டு. அங்கே இந்த அலசலுக்கே வேலையில்லை, வெளிச்சத்தைப் பார்த்துப் போனால் போதும்.

இரு கண்ணாலும் பார்க்கும் கைத் தொலைநோக்கியா, முக்காலியில் நிற்கும் பெரிய ஸ்கோப்பா? வற்றத்துக்கு ஸ்கோப், ஏற்றத்துக்கு எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 தொலைநோக்கியே தாராளம். கடற்காற்றில் ஸ்கோப் ஆடுகிற ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் மணல்மேடு. விடிந்த கையோடு போனால் இரவில் நண்டும் பாம்பும் போன தடம் அப்படியே இருக்கும். காற்று எழுந்தால் அழிந்துவிடும், மதியம் மணல் காலைச் சுடும். பாதையை விட்டு இறங்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புல்லும் கொடியும்தான். முட்டையிடும் பருவத்தில் உப்புக்கொத்தி ஒன்று இறக்கை ஒடிந்ததுபோல உங்கள் முன்னால் இழுத்துக்கொண்டு போனால், அது நாடகம். முட்டையோ குஞ்சோ பக்கத்து மணலில் இருக்கும். காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்பி நடந்துவிடுங்கள்.