மிதவை பெல்ட்: வாங்கும் முன் குளத்தின் ஆழத்தைப் பாருங்கள்

கோலாலம்பூர் மராத்தானுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. பத்து வாரம் இருக்கும்போது குதிகாலோ கெண்டைக்கால் எலும்போ மக்கர் செய்கிறது. பிசியோ, அதாவது இயன்முறை சிகிச்சையாளர், ஓடக் கூடாது என்கிறார். அப்போது பலரும் தேடிப் போகும் பொருள், இடுப்பில் கட்டிக்கொண்டு ஆழ்நீரில் ஓட உதவும் இந்த நுரை பெல்ட். நல்ல பொருள்தான். ஆனால் பாதம் தரையைத் தொடாத ஆழம் இருந்தால்தான் இதற்கு வேலை. நம் ஊர் கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) குளங்கள் பெரும்பாலும் 1.2 மீட்டர்தான். அங்கே பெல்ட் வெறும் அலங்காரம். ஏறக்குறைய 2 மீட்டர் ஆழமுள்ள பொதுக் குளம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் காசை எடுங்கள்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். முதுகுப் பக்கம் மட்டும் தடித்த நுரை வைத்தது ஒன்று. சிறு சிறு துண்டுகளாகக் கோத்தது மற்றொன்று. முதல் வகை மலிவு, ஆனால் சிலரை முகம் குப்புறச் சாய்க்கும். துண்டு வகையில் பழகப் பழக ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மிதப்பு குறையக் குறைய உழைப்பு கூடும். எங்கள் ஓட்டு இதற்கே. நீர்மட்டம் தோளுக்கு மேல், வாய்க்குக் கீழ் நிற்பதுதான் சரியான அளவு. நெஞ்சு வெளியே தெரிந்தால் மிதப்பு அதிகம்.

கரையில் இறுக்கமாகத் தெரியும் வார், நனைந்ததும் தளரும். பெல்ட் விலா எலும்புவரை ஏறி மூச்சை அடைக்கும். இந்தப் பொருளைப் பற்றிய குறைகளில் பாதி இதுதான். தண்ணீரில் இறங்கியபின் இன்னொரு முறை இழுத்துக் கட்டினால் தீர்ந்தது.

அடுத்த தவறு, சைக்கிள் மிதிப்பதுபோல் காலைச் சுழற்றுவது. முழங்காலை உயர்த்தி, பாதத்தைக் கீழும் பின்னுமாகத் தள்ள வேண்டும். உடல் இம்மியளவு முன்சாய்ந்தால் போதும். கையால் நீரை வாரி இழுத்தால் அது நீச்சல். ஓட்டக் கணக்கில் சேராது.

பயிற்சியைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், நிமிடத்தில் அளங்கள். 10 நிமிடம் மெதுவாக, பிறகு 3 நிமிடம் கடுமையாக, 1 நிமிடம் தளர்வாக என்று ஆறு முறை, கடைசியில் 10 நிமிடம் மெதுவாக. நீரின் அழுத்தத்தால் இதயத் துடிப்பு தரையில் இருப்பதைவிட நிமிடத்துக்கு 10 முதல் 15 வரை குறைவாகக் காட்டும். மணிக்கட்டுக் கடிகாரமோ தண்ணீரில் உளறும். கடுமையான நிமிடங்களில் பேச்சு துண்டு துண்டாக வருகிறதா என்று பாருங்கள், அதுவே அளவுகோல். வியர்ப்பது தெரியாது என்பதால் தண்ணீர் புட்டியைக் கரையிலேயே வையுங்கள். மாலையில் இடி இடித்தால் குளத்தை மூடிவிடுவார்கள். காலை நேரமே உத்தமம்.

முறையாகச் செய்தால் 4 முதல் 6 வாரம் இதயம், நுரையீரலின் திறன் பெரிதாகக் குறையாது. அடி தாங்கும் பழக்கம் மட்டும் எலும்புக்கும் தசைநாருக்கும் விட்டுப்போகும், அதை எந்த பெல்ட்டும் காப்பாற்றாது. இடுப்பு மடியும் இடத்திலோ தொடையின் பின்மேல் பகுதியிலோ காயம் இருந்தால் நீரின் எதிர்ப்பே வலியைக் கூட்டும்; அவர்களுக்கு இது ஆகாது.

க்ளோரினில் நுரை தாங்கும், எலாஸ்டிக் தாங்காது. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கொண்டோ பால்கனி வெயில் அதைச் சீக்கிரமே பொடியாக்கும்.

30 நிமிடம் வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்தபின் பிசியோவைக் கேட்டுக்கொண்டு தரைக்கு வாருங்கள். கோலாலம்பூர் நகர மையத்திலுள்ள கேஎல்சிசி பூங்காவின் 1.3 கிலோமீட்டர் ரப்பர் பாதை இதற்குத் தோது. 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். இடைப்பட்ட நாளில் பெல்ட்டோடு குளத்துக்கு.