பெங்களூரில் அப்பாவின் கார்: ஸ்பார்க் பிளக்குக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

மெல்போர்னிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் காரைச் சர்வீஸுக்கு விட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவேன். வீடு அல்சூரில். வண்டி மாருதி, பெட்ரோல், நாலு சிலிண்டர். வாங்கி ஐந்து வருஷம் தாண்டியும் 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இந்த முறை காலையில் ஸ்டார்ட் செய்தால் இழுத்துக்கொண்டே போய்த்தான் பிடித்தது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்வரை அதிர்வு. "போன மழைக்காலத்துலேர்ந்தே இப்படித்தாம்பா" என்றார் அப்பா.

முதலில் போனது ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு. ஏசி அறை, காபி, மரியாதை, எதிலும் குறையில்லை. எஸ்டிமேட்டில் இஞ்செக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், டீகார்பனைசிங் என்று வரிசையாக இருந்தது. சிலிண்டருக்குள் பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதுக்கு இன்னும் கிலோமீட்டர் வரலை சார்" என்றார் அட்வைசர். நூற்றுச் சொச்சம் ரூபாய்ப் பொருளைப் பார்க்காமலே ஆயிரக்கணக்கில் வேலை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் சொன்ன கணக்கு பொய்யல்ல. சாதாரண நிக்கல் பிளக்குக்கு 30,000 முதல் 40,000 கிலோமீட்டர், இரிடியம் பிளக்குக்கு ஒரு லட்சம் வாக்கில் என்பதுதான் பொதுவான அளவு. ஆனால் அப்பா ஓட்டுவது ரஸ்ஸல் மார்க்கெட், கோயில், அல்சூரிலேயே டாக்டர் வீடு, அவ்வளவுதான். பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரி சூடானால்தான் தன்மேல் படியும் கார்பனைத் தானே எரித்துக்கொள்ளும். இரண்டு கிலோமீட்டரில் நிறுத்திவிட்டால் அந்தச் சூடு எங்கே வரும்? போதாததற்கு பெங்களூரு டிராஃபிக். இஞ்சின் அரை மணி நேரம் ஓடும், மீட்டர் மூன்று கிலோமீட்டர்தான் காட்டும்.

அப்புறம் மர்ஃபி டவுன் பக்கம் ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். வேலூர்க்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறார். பானட்டைத் திறந்து கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, டீ சாப்டுட்டு வாங்க. ஹெட்டு அலுமினியம், சூட்டோட கழட்டினா மரை போயிடும்" என்றார். அவசரப்படாத இந்தக் கைமேல் எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

ஆறியதும், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில்களைப் பிடுங்கி, பிளக் குழியில் காற்றடித்துத் தூசியை ஊதிவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றினார். பழைய செய்தித்தாளில் சிலிண்டர் வரிசைப்படியே வைத்தார். மூன்றில் உலர்ந்த கரி, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. நாலாவது ஈரம். அதை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "பெட்ரோல் வாடைதானே? ஆயிலா இருந்தா பிசுபிசுங்கும். அப்படின்னா ரிங்கோ வால்வு சீலோ, பெரிய வேலை. இது வெறும் மிஸ்ஸிங், பொறி சரியா விழாம பெட்ரோல் எரியலை." நல்ல பிளக் வெளிர் பழுப்பாக இருக்குமாம். வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் இஞ்சின் அதிகம் சூடாகிறது என்று அர்த்தம். கரி ஏன் என்று கேட்டதற்கு ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டிக் காட்டினார், தூசி அடைத்துப் போயிருந்தது. அதையும் மாற்றச் சொன்னார்.

பிளக்கை ஜே.சி. ரோட்டில் பில்லோடு வாங்கி வந்தேன். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்தான், வண்டி நிறுத்த மட்டும் இடம் கிடைக்காது. போலி பிளக் புழங்குவதால் பில் தராத கடையில் வாங்காதீர்கள். மேனுவலில் போட்டிருக்கும் நம்பரையே கேளுங்கள். கம்பெனியிலிருந்தே இரிடியத்தோடு வந்த வண்டிக்குச் செலவை மிச்சம் பிடிக்கச் சாதா பிளக் போட வேண்டாம்.

பெரியவர் ஒவ்வொன்றிலும் பொறி தாவும் இடைவெளியை கேஜ் வைத்துப் பார்த்தார். பெரும்பாலான வண்டிகளுக்கு 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர் இருக்கும். முனை தேய்ந்து இது கூடினால் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும், அந்தச் சுமை காயில்மேல் விழும். முதல் சில சுற்றுகள் விரலால் மட்டுமே திருகினார், ஸ்பேனர் கடைசியில்தான். சாவியைத் திருப்பியதும் இழுக்காமல் பிடித்தது. அதிர்வு போயேபோச்சு.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குப் போன் பேசும்போது வண்டியைப் பற்றியும் கேளுங்கள். ஸ்டார்ட்டிங் இழுக்கிறதா, பிக்கப் குறைந்ததா, மைலேஜ் இறங்கியதா? செக் இஞ்சின் லைட் விட்டு விட்டு எரிந்தால் மேற்கொண்டு ஓட்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும், அதன் விலை பிளக்கைப் போலப் பல மடங்கு. சிஎன்ஜி வண்டி என்றால் பிளக்கை இன்னும் சீக்கிரமே பார்க்க வேண்டும். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது, எஸ்டிமேட்டில் அந்த வரி இருந்தால் விடாமல் கேள்வி கேளுங்கள். மாற்றிய பழைய பிளக்கை வீட்டுக்கு வாங்கி வரச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு படம் போதும்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஹொசகோட்டை வரை ஒரு நடை போய்வாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.