பெருங்குடல் புற்றுநோயில் ஸ்ப்ளைசிங் தவறு: எந்த இடத்தில் மடக்குவது?

பெருங்குடல் புற்றுநோய் என்றாலே ஏபிசி, கேராஸ் என்று மரபணுப் பிறழ்வுகளோடு பேச்சு நின்றுவிடுகிறது. மரபணுவின் எழுத்து சரியாக இருந்தும், அதன் நகலான ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுவதில், அதாவது ஸ்ப்ளைசிங்கில், தவறு நடப்பதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

ராக்1 மரபணுவையே பாருங்கள். வழக்கமாக வெட்டி ஒதுக்கப்படும் 3பி என்ற எக்ஸான் (ஆர்என்ஏவின் ஒரு துண்டு) சில கட்டிகளில் உள்ளேயே தங்கிவிடுகிறது. மொத்தமே 57 எழுத்துகள்தான், ஆனால் அது மூன்றால் மீதியின்றி வகுபடும் எண் என்பதால் வாசிப்பு குலையாமல் 19 அமினோ அமிலங்கள் புரதத்தின் நடுவில் செருகிக்கொள்கின்றன. ராக்1 புரதம் செல்லுக்குள் ஒரு சுவிட்ச் மாதிரி. வேலை முடிந்ததும் அணைய வேண்டிய அந்த சுவிட்ச், இப்படிச் செருகல் வந்த ராக்1பி வடிவத்தில் பெரும்பாலும் எரிந்தபடியே கிடக்கிறது. சாக வேண்டிய செல் பிழைத்துக்கொள்கிறது.

சரி, இதை எங்கே மடக்குவது?

வெட்டி ஒட்டும் இயந்திரத்தையே முடக்குவது ஒரு வழி. அந்த இயந்திரத்தின் பாகமான எஸ்எஃப்3பி1 புரதத்தைப் பிடிக்கும் இ7107 மருந்து அப்படித்தான் வந்தது. நல்ல செல்லுக்கும் அதே இயந்திரம்தானே! சோதனையில் சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டு ஆய்வு நின்றது.

தவறாக உருவான புரதத்தை ஆன்டிபாடியால் தேடிப் பிடிப்பது இன்னொரு வழி. பெருங்குடல் புற்றுநோய் பரவுவதோடு தொடர்புடைய சிடி44வி6 என்ற ஸ்ப்ளைசிங் வடிவம் இதற்கு நல்ல இலக்காகத் தெரிந்தது, ஆனால் அது தோலிலும் இருக்கிறது. அதைக் குறிவைத்த பைவாட்டுசுமாப் மெர்டான்சின் மருந்தை வேறு புற்றுநோய்களில் சோதித்தபோது ஒருவர் கடுமையான தோல் பாதிப்பால் இறந்தார், அத்தோடு அந்த மருந்தைக் கைவிட்டார்கள்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: ஆன்டிசென்ஸ். இருபது எழுத்துக்குள் ஒரு சின்ன இழை, 3பி எக்ஸானின் விளிம்பில் போய் ஒட்டி அதை மறைத்துவிட்டால் இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடும், மற்ற ஆயிரக்கணக்கான ஆர்என்ஏக்களைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஸ்ப்ளைசிங்கை இப்படித் திருப்ப முடியும் என்பதற்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சென் என்ற முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய்க்கான மருந்து சாட்சி, அதுவும் 18 எழுத்துதான். அங்கே விடுபடும் எக்ஸானை உள்ளே இழுக்கிறார்கள், நமக்கு வேண்டியது தலைகீழ்.

ஆனால் ஒன்று. நுசினெர்சென் வேலை செய்யும் நரம்பு செல் பிரிவதில்லை, அதனால்தான் நான்கு மாதத்துக்கு ஒரு ஊசி அங்கே போதுகிறது. புற்றுசெல் பிரியப் பிரிய உள்ளே போன மருந்து நீர்த்துக்கொண்டே போகும், அப்புறம் இரத்தத்தில் செலுத்தியதில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும். கட்டிக்குள் போதுமான அளவு கொண்டுசேர்ப்பதுதான் இப்போது தீர்க்க வேண்டிய சிக்கல்.