பட்டுப் புடவைகள்: மடித்து அடுக்குவதா, தொங்கவிடுவதா?

பீரோவை ஒழுங்குபடுத்தும்போது, கட்டாமலே கிடக்கும் பருத்திப் புடவைகளைப் பிறருக்குக் கொடுத்துவிடும் முடிவு எளிதாகவே அமைகிறது. பட்டுப் புடவைகளை மடித்து அடுக்குவதா, ஹேங்கரில் தொங்கவிடுவதா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம்.

தொங்கவிட்டால் எல்லாப் புடவைகளும் ஒரே பார்வையில் தெரியும், எடுப்பதும் எளிது. ஆனால் பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகை நிறைந்த காஞ்சிபுரம் புடவை கனமானது. மாதக்கணக்கில் தொங்கும்போது அந்தக் கனம் முழுவதும் ஹேங்கரின் மேல் படியும் ஒரே கோட்டில் இறங்கி, இழைகளை இழுத்துத் தளர்த்துகிறது.

மடித்து வைத்தாலும் கவனம் வேண்டும். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த என் அம்மாவின் அரக்கு நிறக் கூறைப்புடவையை விரித்தபோது, மடிப்பு விழுந்த இடமெல்லாம் முந்தானைச் சரிகை கறுத்து, பட்டு நூல் நூலாகப் பிரிந்திருந்ததைக் கண்டு நெஞ்சு பதறியது. இருந்தும் மடிப்பதையே நான் பரிந்துரைப்பேன்: துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் உதறி, மடிப்பை மாற்றி வைத்தால் இந்தச் சேதத்தைப் பெரிதும் தவிர்க்கலாம். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே நிறுத்திவிடும். அந்துருண்டை சரிகையில் படவே கூடாது.

சரிகை குறைந்த மென்பட்டுகளையும் அடிக்கடி கட்டுபவற்றையும் அகலமான மர ஹேங்கரில் தாராளமாகத் தொங்கவிடலாம்.