பேச்சா, வகுத்த கேள்விகளா, செய்முறைத் தேர்வா? ஆளெடுக்கும் மூன்று வழிகள்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கி, பேச்சு போகிற போக்கில் கேள்வி கேட்டு, மனதுக்குப் பட்டதை வைத்து முடிவெடுப்பதுதான் பரவலாக நடக்கும் இன்டர்வியூ. இதற்குப் போட்டியாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு மதிப்பெண் போடும் வகுத்த நேர்காணல். மற்றொன்று, வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்கும் செய்முறைத் தேர்வு.

தேர்வில் வாங்கும் மதிப்பும் பிறகு வேலையில் காட்டும் திறமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஆய்வாளர்கள் ஓர் எண்ணால் அளக்கிறார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 1998-ல் தந்த கணக்கில் செய்முறைத் தேர்வு 0.54, வகுத்த நேர்காணல் 0.51, போக்கில் பேசும் நேர்காணல் 0.38. பழைய கணக்குகளில் எண்களை மிகையாக உயர்த்தும் ஒரு திருத்தம் இருந்ததைக் காட்டி, 2022-ல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் மறுபடி கணக்கிட்டார்கள். வகுத்த நேர்காணல் 0.42 என முதலிடத்துக்கு வந்தது. செய்முறைத் தேர்வு 0.33, போக்கில் பேசுவது 0.19. பயோடேட்டாவில் நாம் முதலில் தேடும் அனுபவ ஆண்டுகளுக்கு வெறும் 0.07தான்.

பேச்சு ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது? ஒரு குணம் பிடித்துவிட்டால் மற்றக் குணங்களும் நன்றாகத் தெரியத் தொடங்கும். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே இதைக் கண்டு எழுதினார். சரளமாகப் பேசுபவருக்குக் கணக்கும் நன்றாக வரும் என்று நாம் நம்பிவிடுகிறோம். போதாததற்கு, ஒருவரிடம் ஒரு கேள்வியும் இன்னொருவரிடம் வேறு கேள்வியும் கேட்டிருப்போம். அப்புறம் இருவரையும் எதை வைத்து ஒப்பிடுவது?

வகுத்த நேர்காணலின் பாதி உழைப்பு ஆட்கள் வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வேலைக்கு உண்மையில் தேவையான நான்கைந்து திறன்களை எழுதி, திறனுக்கு ஒரு கேள்வி வையுங்கள். "நீங்கள் நெருக்கடியைச் சமாளிப்பீர்களா?" என்பது வீண் கேள்வி, எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கெடு தவறப் போகிறது என்று தெரிந்த ஒரு வேலையில், யாரிடம், எப்போது, என்ன சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 1, 3, 5 மதிப்பெண் பதில்கள் எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது மிக முக்கியம். இந்தக் கேள்விக்கு, கெடு தாண்டிய பிறகே சொன்னவருக்கு 1, முன்னதாகச் சொன்னவருக்கு 3, முன்னதாகச் சொல்லி மாற்றுவழியும் கொடுத்தவருக்கு 5. இதை எழுதாமல் விட்டால் எல்லோருக்கும் 3 விழும். அப்படி விழுந்தால் குறை கேள்வியிலோ அளவுகோலிலோதான் இருக்கிறது.

கேள்வி கேட்பவர்கள் இருவரோ மூவரோ, ஒருவருக்கொருவர் பேசுவதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். மூத்தவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்களின் எண்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடும். பதில் மேலோட்டமாக இருந்தால் "நாங்கள் செய்தோம் என்றீர்கள், அதில் உங்கள் பங்கு என்ன?" என்று தொடரலாம், அது விதியை மீறியதாகாது. ஒத்திகை பார்த்து வந்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

செய்முறைத் தேர்வு, ஏற்கெனவே அந்த வேலை தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுக்க அருமையான வழி. கற்றுக்கொடுத்து வளர்க்க நினைக்கும் புதியவர்களுக்கு இது பொருந்தாது. இன்று தெரியாததை அளந்து, நாளை கற்கக்கூடியவரைத் தள்ளிவிடும். 60 முதல் 90 நிமிடத்துக்குள் முடியும்படி வையுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பி வார இறுதியை விழுங்கும் வேலை என்றால், ஏற்கெனவே நல்ல வேலையில் இருப்பவர்களும் வீட்டுப் பொறுப்பு உள்ளவர்களும் கழன்றுகொள்வார்கள். நீண்ட வேலைதான் தேவை என்றால் அதற்குக் கூலி கொடுப்பதே நியாயம். பெயரை மறைத்துத் திருத்துங்கள். செயற்கை நுண்ணறிவின் உதவியோடு எழுதியிருக்கலாம் என்பதால், பிறகு 20 நிமிடம் உட்காரவைத்து "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள், இந்த எண் மாறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் உழைப்பு யாருடையது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதெல்லாம் வாசலுக்கு வந்தவர்களுக்கு. ஆளைத் தேடுவதில், தெரிந்தவர் பரிந்துரை விரைவானது, ஆனால் இருப்பவர்களைப் போன்றவர்களையே மேலும் மேலும் கொண்டுவரும். விளம்பரம் பலதரப்பட்டவர்களைத் தரும், அவர்களைச் சலித்தெடுப்பதுதான் பாடு. விளம்பரத்தில் கட்டாயத் தகுதிகளை நான்கைந்தோடு நிறுத்துங்கள். பன்னிரண்டு போட்டால், ஒன்று குறைகிறதே என்று தகுதியானவர்களே ஒதுங்கிப் போவார்கள்.

ஒரே ஓர் இடத்துக்குச் சிறு குழு ஆளெடுக்கிறது, நேரம் குறைவு என்றால், வகுத்த நேர்காணலையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இருவர் சமமாக நின்றால் மட்டும் செய்முறைத் தேர்வைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சையும் விட வேண்டியதில்லை. வேலையைப் பற்றி வந்தவர்கள் கேட்க நினைப்பதைக் கேட்கக் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்குங்கள், அதற்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள்.