டூ-டி டிராயிங்கா, த்ரீ-டி மாடலா: டீம் ஒத்துப்போக எது உதவும்?

ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல், ஏசி, பிளம்பிங்னு ஒரே கட்டடத்த ஆளாளுக்கு ஒரு ஆபீஸ்ல உக்காந்து வரையறாங்க, இதெல்லாம் எங்க சேருதுங்கிறதுதான் கேள்வி.

டூ-டில, ஆட்டோகேட்னு வரையற சாஃப்ட்வேர் ஃபைல ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாப்போம், வாட்ஸப்ல பிடிஎஃப் போகும். செலவு கம்மி, சைட்ல மேஸ்திரி வரைக்கும் எல்லாருக்கும் புரியும். ஆனா பிளான்ல உயரம் தெரியாது, அங்கதான் அடி விழும். ஒரு மாடி 3300 மிமீ, பீம் 600 போனா மிச்சம் 2700, அதுக்கு அடியில இன்சுலேஷனோட 400 மிமீ டக்ட் (ஏசி காத்து போற பெரிய குழாய்) ஓடினா 2300 தான், ஆனா ஆர்க்கிடெக்ட் சீலிங் 2400னு போட்டிருப்பாரு, மூணு டிராயிங்கும் தனித்தனியா பாத்தா சரிதான்!

ரெவிட் மாதிரி சாஃப்ட்வேர்ல த்ரீ-டி மாடல் பண்ணி, எல்லா மாடலையும் ஒண்ணா வச்சு மோதல் பாக்கற நேவிஸ்வொர்க்ஸ்ல சேத்தா இந்த மோதல் கான்கிரீட் போடறதுக்கு முன்னாடியே சிவப்பா தெரியும். கழிவுநீர் பைப் நூத்துக்கு ஒண்ணு சரிவுல 6 மீட்டர் போனா 60 மிமீ இறங்குமே, அதையும் சரியா வரைஞ்சிருந்தா காட்டும். ஆனா லைசென்ஸ், ஆள், டிரெய்னிங் எல்லாம் காசு. ரிப்போர்ட்ல ஆயிரக்கணக்குல மோதல் வரும், பாதி சும்மா. எது நகரணும்னு சாஃப்ட்வேர் சொல்லாது, நாலு பேரும் ஒரே மேஜையில உக்காந்து முடிவெடுக்கணும்.

ரெண்டு மாடி வீட்டுக்கு டூ-டி போதும், டாய்லெட், காரிடார் பக்கம் செக்‌ஷன் (உயரம் தெரியற குறுக்குவெட்டுப் படம்) மட்டும் கண்டிப்பா வெட்டிப் பாருங்க. ஆஸ்பத்திரின்னா யோசிக்கவே வேணாம், மாடல்தான்.